கடலைப் பார்த்து நட

இந்த நாட்டில் மனிதர்கள் எங்கும் போகாமல் நடக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. சூரிச் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் சிற்றூரில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் ஜன்னலைத் திறந்தால், நல்ல சப்பாத்துப் போட்ட கணவனும் மனைவியும் கையில் ஒரு பைகூட இல்லாமல், கடையோ கோயிலோ இல்லாத திசையில் போவார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வழியால் திரும்பி வருவார்கள். ஒரு பிடி கீரைகூட வாங்கியிருக்க மாட்டார்கள். சிலர் இரண்டு கையிலும் இரண்டு தடியை ஊன்றிக்கொண்டு விறுவிறு என்று நடப்பார்கள். பனிச்சறுக்கப் போன இடத்தில் பலகையைத் தொலைத்துவிட்டு, மிஞ்சிய தடியோடு வீட்டுக்கு வருகிறார்கள் என்று நான் பரிதாபப்பட்டேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எனக்குப் பல வருடம் முந்தி வந்து, ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறவர். "அதுக்குப் பேர் ஸ்பட்ஸியேரன். சும்மா நடக்கிறது," என்றார்.

சும்மா. மட்டக்களப்பில் வளர்ந்த எனக்கு அது வாயில் வரக் கூடாத சொல். எங்கள் தேற்றாத்தீவிலிருந்து ஆரையம்பதிக்குப் போனாலும் சரி, கல்முனைக்குப் போனாலும் சரி, வழியில் சென்றி என்கிற காவலரணில் நிற்கிற ஆமிக்காரன் "எங்க போறது?" என்று கேட்பான். கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்தவீட்டுக்கு, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சும்மா போகிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவர்கள் வெயிலில் நெடுநேரம் நின்றார்கள். ஆகவே நாங்கள் எங்கே போனாலும் வாயில் ஒரு காரணத்தையும் கையில் ஒரு பையையும் வைத்துக்கொண்டுதான் போனோம்.

நான் இங்கே வந்த பிறகு, சண்டை முடிந்த வருடத்தில்தான் என் விரல்கள் வீங்கின. எங்கள் பக்கம் அதற்கு முன்பே அடங்கிவிட்டது என்றாலும், ஊர்ப் பிள்ளைகள் சிலர் வடக்கே அகப்பட்டிருந்தார்கள். அந்த மாதங்களில் வேலை விட்டு வந்தால் நேரே தொலைக்காட்சிக்கு முன்னால்தான். சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீரும் பிஸ்கற்றுமே சாப்பாடு. போனைத் தலையணைக்குக் கீழே வைக்காவிட்டால் நித்திரை வராது, வைத்தாலும் வராது. எல்லாம் முடிந்து, அழுகையும் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவை அறையில் விரிப்பொன்றை மடிக்கப் போனேன். விரிப்பு மடிந்தது, விரல் மடியவில்லை. முழங்கால் இரண்டும் நன்றாக அவிந்த கிழங்குபோல இருந்தன.

டொக்டர் ஓர் இளம் பெண். மிகவும் நல்லவள். என்னுடைய ஜெர்மன் மொழி சலவை அறையைத் தாண்டி வராது என்று கண்டுகொண்டு, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தாள். அவர் எந்த ஊரோ தெரியாது, செய்தி வாசிப்பதுபோலத் தமிழ் பேசினார். "அம்மா, உங்கள் மூட்டுகளில் அழற்சி காணப்படுகிறது என்று மருத்துவர் கூறுகிறார்."

என் காதில் விழுந்தது அயர்ச்சி. "ஓம் ஐயா, சரியான அயர்ச்சிதான். கதிரையக் கண்டா இருக்கச் சொல்லுது, கட்டிலக் கண்டா படுக்கச் சொல்லுது," என்றேன்.

அவர் அதை மொழிபெயர்த்தார். டொக்டர் அதிகமாகத் தலையாட்டி, நிறைய எழுதினாள். பிறகு எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு கடதாசியில் முழங்காலை வரைந்து, அதன்மேல் குட்டிக் குட்டியாகத் தீக்கொழுந்து வரைந்தாள். "என்ட்சுண்டுங்," என்றாள். அந்தச் சொல்லில் பாதி எனக்குத் தெரியும். என் கணவர் அடுப்பைப் பற்றவைப்பதற்குச் சொல்கிற சொல். ஆக, எனக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

அதை அணைப்பதற்கு மாத்திரையோடு சில பழக்கங்களும் வேண்டுமாம். சீனியைக் குறைக்க வேண்டும். வெள்ளைப் பாணும் பொரியலும் கூடாது. கீரையும் கடல் மீனும் நல்லது. நேரத்துக்குப் படுக்க வேண்டும், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. தினமும் நடக்க வேண்டும், மூச்சு வாங்குகிற அளவுக்கு வேகமாக. கடைசியாக, பெரிய இரகசியம் ஒன்றைச் சொல்கிறவள்போல முன்னால் குனிந்து, "குர்குமா என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். மஞ்சள்! நான் சந்தோசத்தில் என் கையை நீட்டி, நகக்கண்ணில் ஒட்டியிருந்த நேற்றைய மீன்குழம்பின் மஞ்சளைக் காட்டினேன். அவள் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. இரத்தப் பரிசோதனைக்கு எழுதிய துண்டில் ஈரலையும் சேர்த்துவிட்டாள்.

வீட்டில் சீனியை நிறுத்துவதாக அறிவித்தேன். "வருத்தம் உனக்கு. பத்தியம் எனக்குமா?" என்று கணவர் கேட்டார். கேட்டாரே தவிர, சண்டை பிடிக்கவில்லை. அவர் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கிழமை நான் அவித்த பிட்டு இனித்தது. புது மா வாங்கி மேலே கொட்டினேன், தேங்காய்ப்பூவை மாற்றினேன், மறுபடியும் இனித்தது. அவர் மட்டும் "இப்பதான் உன்ட பிட்டு ஒரு பதத்துக்கு வந்திருக்கு," என்று இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். மா வைக்கிற தகரத்தின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்த்தபோது, அங்கே புதைத்து வைத்த சீனிப் பையொன்று கிழிந்து கிடந்தது.

இதையெல்லாம் நான் உடனுக்குடன் சொல்கிற ஆள் என் தங்கச்சி ரஞ்சி. தேற்றாத்தீவில் இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் அப்பாவின் முழங்கால். எனக்கு வீங்கினால் அவளுக்கும் வீங்கும். ஒரு காலத்தில் அவள் கடற்கரையில்தான் இருந்தாள்; வாசலில் நின்று கூப்பிட்டால் அலையில் நிற்கிறவருக்குக் கேட்கும். சுனாமி வந்த வருடம், நத்தாருக்கு அடுத்த நாள் காலை நான் அவள் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் புருசன் யோகன் கரையில் நின்று வலை உதறிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்த நாங்கள் பார்த்தபடியே ஓடினோம். நானும் ரஞ்சியும் கையைப் பிடித்தபடி பெரிய றோட்டைத் தாண்டி, மேற்கே வாவிக்கரை வரைக்கும் ஓடினோம். எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற சின்னத் துண்டு நிலம் எங்கள் ஊர். அன்று ஆறும் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஓட இடமில்லாமல் நின்றோம். யோகன் வரவில்லை. அவரைக் கடல் திருப்பித் தரவும் இல்லை.

பிறகு ரஞ்சிக்கு றோட்டுக்கு மேற்கே, ஆற்றுப் பக்கமாக ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். என் கணவர் அனுப்பிய விசா வந்து நான் புறப்பட்டேன். கடல் வந்த அன்றிலிருந்து அவள் றோட்டைத் தாண்டிக் கிழக்கே போனதில்லை. கடல் மீனும் வாங்க மாட்டாள், ஆற்று மீன்தான். நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அவளும் பகிடி விட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நடக்கட்டாம் புள்ள. வேகமா, மூச்சு வாங்க. ஒவ்வொரு நாளும்," என்று நான் டொக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எங்க நடக்கிற?"

"எங்கயும் இல்ல. சும்மா."

"உனக்கு விசரா அக்கா? சென்றியில கேட்டா என்ன சொல்லுற?"

"சண்டைதான் முடிஞ்சிட்டே."

"சண்டை முடிஞ்ச. சென்றி கிடக்கு."

ஆனாலும் அவள் நடக்கத் தொடங்கினாள். முழங்கால் அவ்வளவு நோவு. முதல் நாள் பெரிய றோட்டால் குருக்கள்மடம் பக்கமாக நடந்திருக்கிறாள். அதுவரை அவள் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று ஊரில் எத்தனை வாகனம் உண்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறுங்க அக்கா, எங்க போகணும்?" ஓட்டோக்காரன் காசு வேண்டாம் என்றான். சைக்கிளில் வந்த தபால்காரர் இறங்கித் தானும் உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார், ஏதோ கவலையில் போகிறாள் என்று. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. சென்றியில் நின்ற பொடியன் எதிர்பார்த்தபடியே கேட்டான். அவள் பதில் தெரியாமல் குனிந்து முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "சீனி?" என்று கேட்டான் அவன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள்தான் நடப்பார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஓம் ஓம், சீனி," என்றாள் இவள், இல்லாத வருத்தத்தை ஏற்றுக்கொண்டு. "எங்கட அம்மாவுக்கும் சீனி," என்று அரைத் தமிழில் சொல்லிவிட்டு வழிவிட்டான். அடுத்த நாளிலிருந்து அவன் அவளைக் கண்டால் "அம்மா, நடக்கிறது நல்லது!" என்று தூரத்திலேயே கத்துவானாம்.

எனக்கோ இங்கே வேறு சிக்கல். மறுமுறை டொக்டரிடம் போனபோது, எங்கே நடக்கிறேன் என்று கேட்டாள். வீட்டுக்குப் பின்னாலிருக்கிற மேட்டில் ஏறி இறங்குகிறேன் என்றேன். அவள் தலையில் கை வைத்தாள். "இந்த முழங்காலோடு மலையா? ஏரிக்கரையில் நல்ல சமமான பாதை இருக்கிறதே!"

"தண்ணிக்குப் பக்கத்தில நான் நடக்க மாட்டன்," என்றேன்.

போனிலிருந்த அதே மொழிபெயர்ப்பாளர் சொன்னார். டொக்டர் சிரித்தாள். "பாதை அகலமானது. யாரும் ஏரிக்குள் விழுவதில்லை."

"நான் விழுறதப் பத்திச் சொல்லயில்ல ஐயா. அது எழும்பி வந்தா?"

இந்த முறை மொழிபெயர்ப்பாளர் டொக்டரிடம் நான் சொன்னதைவிட நீளமாக எதையோ சொன்னார். அதில் ஸ்ரீலங்கா என்ற சொல் வந்தது. டொக்டரின் சிரிப்பு நின்றுபோயிற்று. மேட்டிலேயே மெதுவாக நடக்கச் சொன்னாள். செய்தி வாசிக்கிற அந்த மனிதர் போனை வைக்கும்போது மட்டும், "நான் கல்லாறு அக்கா," என்றார். கல்லாறு எங்கள் ஊருக்குத் தெற்கே, அதே கரையில் இருக்கிற ஊர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஜெர்மன் மொழியில் ஏரிக்கும் கடலுக்கும் ஒரே சொல்தான் என்றார் அவர். ஸே. ஆண்பாலில் சொன்னால் ஏரி, பெண்பாலில் சொன்னால் கடல். "இது ஆம்பிளை. சும்மா கிடக்கும்," என்று எனக்குத் தைரியம் சொன்னார், கையில் சீனி போடாத தேத்தண்ணீரோடு, உலகத்துச் சோகமெல்லாம் முகத்தில் தெரிய.

அந்தக் கிழமைதான் ஊரில் அது நடந்தது.

வாகனக்காரரின் அன்பு தாங்காமல் ரஞ்சி பெரிய றோட்டை விட்டுவிட்டாள். தன் வீட்டுக்கு முன்னால் போகிற சின்னப் பாதையான ஒழுங்கையால் றோட்டு வரைக்கும் மெதுவாகப் போய், அங்கிருந்து திரும்பி வீடு வரைக்கும் ஒரே வேகமாக வருவது என்று தீர்மானித்திருக்கிறாள். மூச்சு வாங்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது, கதைக்கக் கூடாது என்று படிப்பித்தது நான். அன்று பின்னேரம் அவள் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையாக, கிழக்கேயிருந்து ஒழுங்கைக்குள் விழுந்தடித்து வருகிறாள். வேலியோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த செல்லத்தங்கம் மச்சாள் நிமிர்ந்து பார்த்தார். இவர் எங்களுக்குத் தூரத்து உறவு, அடுத்த வளவுக்காரி.

"என்னகா? என்ன?"

ரஞ்சிக்கு மூச்சு முட்டியது. பதில் சொல்ல முடியவில்லை. பிறகு சொல்கிறேன் என்பதற்காகக் கையை முன்னால் வீசிக் காட்டினாள்.

மச்சாளுக்கு அது போதும். சுளகு ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். "கடல் வருகுதாம்! ஓடுங்க புள்ளையள்!" ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சத்தம் பறந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கியவர்கள், அரைவாசி முழுகின தலையோடு வந்தவர்கள், கோழியைக் கக்கத்தில் இடுக்கியவர் என்று ஒழுங்கை முழுவதும் ஆற்றை நோக்கி ஓடியது. ரஞ்சி பார்த்தாள். தனக்கு முன்னால் ஊரே ஓடுகிறது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவளும் ஓடினாள். அந்த முழங்காலோடு ஓடி, மச்சாளையும் முந்திவிட்டாள்.

ஆற்றங்கரையில் எல்லாரும் மூச்சு வாங்க நின்றார்கள். ஆறு அது பாட்டில் கிடந்தது. தோணியில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இவர்களை வாய் பார்த்தார். கோழிக்காரர்தான் முதலில் கேட்டார். "ஆர் கண்ட?"

"ரஞ்சி கண்டவள்," என்றார் மச்சாள்.

"நானா? நான் நீங்க ஓடினதத்தானே கண்ட நான்!"

"அப்ப நீ ஏன் ஓடி வந்த நீ?"

"நான் நடந்த நான்! அக்கா சொன்ன, சுவிசில டொக்டர் சொன்னதாம், வேகமா நடக்கட்டாம்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். அது தொற்றி எல்லோரும் சிரித்து, சிரிப்பின் நடுவிலேயே ஒரு பெண் குந்தியிருந்து ஓவென்று அழுதாளாம். அவளுடைய இரண்டு பிள்ளைகள் சுனாமியில் போனவர்கள். அதோடு எல்லாச் சிரிப்பும் நின்றது. அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனால், ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலும் சோறு கருகிய மணம். மச்சாளின் அரிசியைக் கோழிகள் முடித்துவிட்டிருந்தன. மச்சாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"இந்தாகா, இனி நடக்கிறதெண்டா கடலப் பாத்து நட! கடலுக்குப் போறவளக் கண்டு ஒருத்தரும் ஓட மாட்டாங்க!"

இதையெல்லாம் ரஞ்சி எனக்குச் சொன்னது பல நாள் கழித்து. அதுவரை அவள் என் போனை எடுக்கவே இல்லை. நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேறு அறையில் வைத்த போன் மறுபடி தலையணைக்குக் கீழே வந்தது. விரல்கள் மறுபடி வீங்கின. ஊரில் என்ன நடந்தது என்று வேறு ஆட்கள் மூலம் அரைகுறையாகக் கேள்விப்பட்டபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தால் குற்றமாக இருந்தது. கணவர் எனக்கு ஒரு தேத்தண்ணீர் ஊற்றி, கேட்காமலே சீனி போட்டுத் தந்தார். நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

கடைசியில் அவளே எடுத்தாள். பின்னால் காற்றுச் சத்தமாக இருந்தது.

"அக்கா, நான் இப்ப எங்க நிக்கிறன் சொல்லு பாப்பம்."

"எங்க புள்ள?"

"எங்கட பழைய வளவில. கிணத்துக்கட்டில இருக்கிறன்."

மச்சாள் கோபத்தில் சொன்னதை இவள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். முதல் நாள் றோட்டைத் தாண்டி நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பிறகு முதலாம் தென்னை. பிறகு உடைந்த மதில். "மேற்கால வேகமா நடந்தா ஊர் ஓடுது அக்கா. கிழக்கால நடந்தா ஒருத்தரும் கிறுகியும் பாக்கிறாங்க இல்ல. நல்ல நிம்மதி," என்றாள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். காற்று என்று நான் நினைத்தது அலைச் சத்தம்.

"பயமில்லையா?"

"பயம்தான். கால் வீங்கினவளுக்குப் பயம் பாத்தாகுமா?" என்றவள், "அவரோடயும் ஒள்ளுப்பம் நேரம் கதைச்சிட்டு வரலாம்," என்றாள். பிறகு உடனே, "நீ என்னத்துக்கு இன்னும் மலையில ஏறுறாய்? இறங்குகா கீழ!" என்று அதட்டினாள். தங்கச்சி அக்காவை 'கா' போட்டு அதட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நான் இறங்கினேன்.

இலையுதிர் காலத்துக்குள் என் விரல்கள் மடியத் தொடங்கின. முழுக்க அல்ல. குளிர் நாளில் இன்னும் முறைக்கும். ஆனால் விரிப்பு மடிக்கலாம். டொக்டருக்குப் பெரிய சந்தோசம். எது உதவியது, மீனா, மஞ்சளா, நித்திரையா என்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே சொல்லிப் பார்ப்போம் என்று, "மைனே ஷ்வெஸ்டர்," என்றேன். என் தங்கச்சி என்று பொருள். அந்த மொழியில் நர்சுக்கும் அதே சொல்தான் என்பது எனக்குத் தெரியாது. "எந்த நர்ஸ்? எங்கள் இடத்தில் வேலை செய்கிறவரா?" என்று டொக்டர் ஆவலாகக் கேட்டாள். "இல்லை, தேற்றாத்தீவில்," என்றேன். அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு, மரியாதையாக எழுதிக்கொண்டாள்.

இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நடக்கிறோம். எனக்கு மத்தியான இடைவேளை, அவளுக்குப் பின்னேரம். காதில் போனோடு நான் ஏரிக்கரையில், அவள் கடற்கரையில். அவள் மீன் வாடிக்குப் பக்கத்தால் போகும்போது அங்கே பேரம் பேசுகிற சத்தம் எனக்குக் கேட்கும். போன கிழமை நின்று கீரி மீன் வாங்கினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, என்ன கறி என்று மட்டும் கேட்டேன்.

நேற்று காற்று கடுமையாக இருந்தது. "காணும் அக்கா, கிறுகுவம்," என்றாள். இருவரும் திரும்பினோம். எந்தப் பக்கமாக நடக்கிறாய் என்று கேட்டாள். சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு, கிழக்கே என்று சொன்னேன்.

"நான் மேற்கால வாறன். அப்ப நாம எதிரெதிராத்தானே வாறம்! நடுவில எங்கயாவது சந்திப்பம்."

நடுவில் கடல்தான் கிடக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து, எதிரே நாயோடு வந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு, "க்ரூயெட்சி," என்றார். இந்த ஊர் வணக்கம். திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தக் காதுக்கு எந்த மொழி என்று ஒரு கணம் தடுமாறிப்போய், அந்த வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்து, "ஓம், வாறன்," என்று சொல்லிவிட்டேன்.

கிழவர் விளங்கியவர்போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"வா," என்றாள் ரஞ்சி.